3 ஜிபி கார்டிலிருந்து 16 ஜிபி கார்டுக்கு: 2018-ல் வாங்கிய ஒரு கேமிங் கணினியின் நிகழ்வு ஆய்வு

பழைய கேமிங் கணினிக்குப் புதுக் கிராபிக்ஸ் கார்டு தேடும் பலரும் முதலில் பார்ப்பது கார்டுகளின் தரவரிசைப் பட்டியலைத்தான். அந்தப் பட்டியல்கள் சந்தையில் கிடைப்பதிலேயே வேகமான பிராசஸரையும் புத்தம்புது மதர்போர்டையும் வைத்து அளந்தவை. கார்டையும் கார்டையும் ஒப்பிட அதுதான் நேர்மையான முறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே கார்டு ஏழெட்டு வருடப் பழைய மதர்போர்டில் போய் உட்காரும்போது அந்த வரிசை சில இடங்களில் குலைந்துவிடுகிறது. எங்கே குலைகிறது, ஏன் குலைகிறது என்று ஒரே ஒரு கணினியை வைத்து விரிவாக எழுதுகிறேன்.

கணினி என் நண்பருடையது. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி குச்சிகளாக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டின் 3 ஜிபி வகை, 450 வாட் பவர் சப்ளை, 24 அங்குல 1080பி மானிட்டர், 60 ஹெர்ட்ஸ். 2018-ல் நல்ல நடுத்தரக் கணினி என்று தாராளமாகச் சொல்லலாம். அவர் ஆடுவது பெரும்பாலும் தனியாக ஆடும் கதை விளையாட்டுகள், திறந்த உலக விளையாட்டுகள், அப்புறம் வார இறுதியில் கொஞ்சம் கார் பந்தயம். போட்டி விளையாட்டுகளில் ஆர்வமில்லை, 240 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 240 காட்சிச் சட்டங்கள்) அவருக்குத் தேவையுமில்லை.

புகார் ஒரே வரிதான்: "புதுசா எந்த கேமைப் போட்டாலும் திக்குது. எந்த கார்டு வாங்கலாம், சொல்லு." கேட்கும்போதே மனதில் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தார். 8 ஜிபி வி-ரேம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ள ஆர்டிஎக்ஸ் 5060. பட்டியலில் அது 1060-ஐ விடப் பல மடங்கு மேலே நிற்கிறது, மின்சாரமும் 145 வாட்தான். கேட்டவுடன் 'சரி, வாங்கிக்கோ' என்று சொல்லிவிடத் தோன்றும் தேர்வு. கணினியை அளந்து பார்த்த பிறகு அதை வேண்டாம் என்றேன்.

திக்குகிறது என்றால் என்ன?

எஃப்பிஎஸ் குறைவாக இருப்பதும் திக்குவதும் ஒன்றல்ல. சராசரி 50 இருந்தாலும் ஒவ்வொரு காட்சிச் சட்டமும் 20 மில்லி செகண்டில் சீராக வந்தால் கண் பழகிவிடும். சராசரி 60 காட்டிக்கொண்டே நடுநடுவே ஒரு சட்டம் மட்டும் 80 மில்லி செகண்ட் எடுத்தால் கை சட்டென்று நின்றுபோகும். அதனால் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற நிரலில் ஃப்ரேம் டைம் (ஒவ்வொரு சட்டமும் எடுக்கும் நேரம்) வரைபடத்தைத் திரையின் மூலையில் போட்டுக்கொண்டோம். கூடவே கார்டின் பயன்பாட்டு விழுக்காடு, வி-ரேம் அளவு, பிராசஸரின் ஒவ்வொரு கோரின் உழைப்பு.

முதல் சோதனை எளிது. கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் இழுப்பது கார்டு. அது 60, 70 என்று தளர்ந்திருக்கும்போதே எஃப்பிஎஸ் விழுந்தால் இழுப்பது வேறு ஏதோ, பெரும்பாலும் பிராசஸர். இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறாமல் அப்படியே நின்றால் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் அந்த இடத்தில் ஒன்றும் மாறாது.

இந்தக் கணினியில் இரண்டு விதமான பதிலும் கிடைத்தது. காடு, மலை, உட்புறக் காட்சிகளில் கார்டு முழுவீச்சில் ஓடியது, ரெசல்யூஷனை இறக்கியதும் எஃப்பிஎஸ் துள்ளி ஏறியது. கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் மட்டும் எதை இறக்கினாலும் ஐம்பதைச் சுற்றியே நின்றது. ஆக இங்கே இரண்டு நோய்கள், இரண்டும் வெவ்வேறு இடத்தில்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. இந்த ஆய்வில் நான் முக்கியமாகக் கருதுவது அதைத்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் இரண்டு நினைவகக் கணக்குகள் தெரியும். ஒன்று கார்டுக்கே உரிய நினைவகம், இன்னொன்று பகிர்ந்த நினைவகம். முதலாவது 3 ஜிபியைத் தொட்டு நிரம்பியதும் இரண்டாவது மளமளவென்று ஏறியது. அது ஏறிய நேரமும் ஃப்ரேம் டைம் வரைபடத்தில் ஊசி போல முள் குத்திய நேரமும் ஒன்றாகவே இருந்தன. நண்பர் 'திக்குது' என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தை மிகக் கீழே இறக்கியதும் முட்கள் காணாமல் போயின. எஃப்பிஎஸ் சராசரி பெரிதாக மாறவில்லை, ஆனால் ஆடும்போது வேறு கணினி போல இருந்தது.

செலவில்லாமல் கிடைத்தது

பிராசஸர் பக்கத்தைத் தோண்டும்போது ஒன்று அகப்பட்டது. ரேம் குச்சிகளின் மேல் 3000 என்று அச்சிட்டிருந்தது. டாஸ்க் மேனேஜரோ 2133 என்று காட்டியது. ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு, வாங்கிய நாளிலிருந்து பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை நிரல்) இயக்கப்படவே இல்லை. குச்சியை மாட்டினால் மட்டும் அந்த வேகம் வராது, பயாஸில் போய் அதை இயக்கவேண்டும். இது தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும் கணினிகள் ஏராளம்.

ரைசனில் இது கூடுதலாகவே வலிக்கும். ரைசன் பிராசஸருக்குள் கோர் கூட்டங்களையும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை ரேமின் வேகத்தோடு சேர்ந்து ஓடுகிறது. ரேம் மெதுவானால் பிராசஸரின் உள்பேச்சும் மெதுவாகிறது. எக்ஸ்எம்பி-யை இயக்கிய பிறகு நகரக் காட்சிகளில் எஃப்பிஎஸ் கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. அறுபதைத் தொடவில்லைதான், ஆனால் காசு செலவில்லாமல் கிடைத்தது. கார்டு வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் இந்த ஓர் எண்ணைப் பார்த்துவிடவேண்டும்.

எட்டு லேன், எட்டு ஜிபி

இனி 5060-ஐ ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன். கார்டு மதர்போர்டோடு பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக. அதன் வேகம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எத்தனையாவது தலைமுறை, எத்தனை லேன் (தரவு ஓடும் தடம்). மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் செகண்டுக்கு ஏறத்தாழ 1 ஜிபி கடத்தும். நான்காம் தலைமுறையில் 2, ஐந்தாம் தலைமுறையில் 4. ஸ்லாட் நீளமாக 16 லேனுக்கு இருந்தாலும், இன்றைய நடுத்தரக் கார்டுகள் பலவற்றில் 8 லேன்தான் உள்ளே இணைத்திருக்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6600, 7600, இன்டெல் ஆர்க் பி580 எல்லாம் 8 லேன் கார்டுகள். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் வெறும் 4.

புது மதர்போர்டில் இது பிரச்சினையே இல்லை. ஐந்தாம் தலைமுறை ஸ்லாட்டில் 8 லேன் என்றால் செகண்டுக்குச் சுமார் 32 ஜிபி. ஆனால் பி450 மதர்போர்டின் ஸ்லாட் மூன்றாம் தலைமுறை. அதே 5060 இங்கே வந்து உட்கார்ந்தால் 8 ஜிபிதான், கால்வாசி. பாதி லேன் சும்மா கிடக்கும், கார்டால் அதைத் தொடமுடியாது.

இது எல்லா நேரமும் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். விளையாட்டுக்குத் தேவையானது எல்லாம் வி-ரேமுக்குள் அடங்கிவிட்டால் ஸ்லாட் வழியாகப் போகும் சரக்கு குறைவு. அப்போது பழைய ஸ்லாட்டால் வரும் இழப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. 'பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று பலர் சொல்வது இந்த நிலைமையை வைத்துத்தான், அந்த அளவில் அது சரியே.

வி-ரேம் நிரம்பி வழியும்போதுதான் கதை மாறுகிறது. வழிந்தது எல்லாம் கணினியின் சாதாரண ரேமில் போய் உட்காரும். அதைக் கார்டு கேட்கும்போதெல்லாம் ஸ்லாட் வழியாக இழுத்து வரவேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 எஃப்பிஎஸ் ஆடும்போது ஒரு சட்டத்துக்கு உள்ள நேரம் 16.7 மில்லி செகண்ட். திடீரென்று அரை ஜிபி டெக்ஸ்சர் உடனே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் தலைமுறையில் 8 லேன் வழியாக அது வந்துசேர ஏறத்தாழ 16 மில்லி செகண்ட், ஒரு சட்டத்து நேரம். கண் அதைக் கவனிக்காமலே போகலாம். மூன்றாம் தலைமுறையில் அதே 8 லேன் வழியாக 62 மில்லி செகண்ட். கிட்டத்தட்ட நான்கு சட்டங்கள். கார் அப்படியே நின்று, பிறகு தாவும்.

5060-இன் சொந்த வி-ரேம் செகண்டுக்கு 448 ஜிபி கடத்தக்கூடியது. அந்த வேகத்தில் படித்துக்கொண்டிருந்த கார்டு, வழிந்த பகுதிக்கு மட்டும் 8 ஜிபி வேகத்துக்கு விழுகிறது. அகலமான நெடுஞ்சாலை திடீரென்று ஒற்றையடிப் பாதையில் போய் முடிவது போல.

ஆகவே பழைய மதர்போர்டு வைத்திருப்பவருக்கு வி-ரேம் அளவு புது மதர்போர்டுக்காரரை விட அதிக முக்கியம். வழக்கமாக இதை நேர்மாறாகத்தான் யோசிக்கிறார்கள். 'கணினியே பழசு, இதுக்கு 8 ஜிபி போதும், 16 எல்லாம் புதுக் கணினிக்கு' என்கிறார்கள். வழிந்தால் தண்டனை கடுமையாக விழப்போவது பழைய கணினியில்தான். வழியவே விடாத அளவுக்கு நினைவகம் வேண்டியதும் அதற்குத்தான்.

8 ஜிபி இன்று வழிகிறதா? 1080பி-யில் பல விளையாட்டுகளுக்குப் போதும். ஆனால் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து, ரே டிரேசிங்கையும் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஃப்ரேம் ஜெனரேஷனையும் (இடைச் சட்டங்களைக் கார்டே உருவாக்குவது) இயக்கினால் இரண்டுமே வி-ரேமில் தங்களுக்கென்று இடம் பிடித்துக்கொள்ளும். 2025-ல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது, அதன் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி வி-ரேம். அடுத்த நான்கைந்து வருடத்துக்கு வாங்கும் கார்டு, ஏற்கனவே குறைந்தபட்சமாகிவிட்ட அளவில் தொடங்கக்கூடாது. அதோடு நண்பர் 1440பி மானிட்டருக்கு மாறும் எண்ணத்திலும் இருந்தார்.

ஒரே பெயர், வேறு கார்டு

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2018-ல் அவர் எடுத்த 3 ஜிபி 1060-உம் இதே மாதிரியான சிக்கனம்தான். 6 ஜிபி வகையும் 3 ஜிபி வகையும் பெயரில் ஒன்று, ஆனால் நினைவகம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்தால் தவறு. 6 ஜிபி கார்டில் 1280 கூடா கோர்கள் (என்விடியா கார்டின் கணக்கிடும் அலகுகள்), 3 ஜிபி கார்டில் 1152. அப்போதைய சோதனைகளில் இரண்டுக்கும் இடைவெளி சிறியதாகத் தெரிந்தது. வருடங்கள் போகப் போக 6 ஜிபி கார்டு தாக்குப்பிடித்தது, 3 ஜிபி கார்டு மூச்சுத் திணறியது. இடைவெளியைப் பெரிதாக்கியது அந்த 3 ஜிபிதான்.

இந்த வழக்கம் நிற்கவில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 12 ஜிபி என்று நினைப்போம், 2022-ல் அதே பெயரில் 8 ஜிபி வகை ஒன்று குறுகிய 128 பிட் நினைவகப் பாதையோடு வந்தது. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை, 8 ஜிபி வகையை விடக் கோர்கள் குறைந்தது, பாதையும் 96 பிட். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டும் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் ஒரே பெயரில் விற்கின்றன. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது பெயர். நீங்கள் படிக்கவேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் நினைவக அளவு. இப்படிப் பெயரிடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் திடமான கருத்து.

கழித்துக்கொண்டே வந்தோம்

பட்டியலில் முதலில் எடுத்தெறிந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. 4 ஜிபி வி-ரேம், 4 லேன். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேலே போட்ட கணக்கே போதும். அந்தக் கார்டு வந்தபோதே பழைய கணினிகளில் அது தடுமாறுவதை விமர்சகர்கள் காட்டினார்கள்.

செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1070, 1080 மீது நண்பருக்கு ஒரு கண். வேகம் இன்றும் பரவாயில்லை, 8 ஜிபி, 16 லேன். ஆனால் இவற்றில் ரே டிரேசிங் வன்பொருள் இல்லை, டிஎல்எஸ்எஸ் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் நுட்பம்) இல்லை. என்விடியா இந்தப் பாஸ்கல் வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். புதுசாக வாங்க இது தகாது.

இன்டெல் ஆர்க் பி580 தாளில் அழகான கார்டு. 12 ஜிபி, நல்ல விலைத் தகுதி. ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, பிராசஸர் வி-ரேம் முழுவதையும் ஒரே சமயத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி கணினியில் இயங்கவில்லை என்றால் ஆர்க் கார்டுகள் மிக மோசமாகத் தளர்ந்துபோகும். இன்னொன்று, அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. 2025 தொடக்கத்தில் ரைசன் 5 2600, 3600 மாதிரிப் பிராசஸர்களோடு சோதித்தவர்கள் இதை வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். சரியாக நம் கணினியின் பலவீனத்திலேயே போய் அடிக்கிறது.

டிரைவர் சுமை இன்டெலுக்கு மட்டும் உரியதும் அல்ல. டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் பழைய பிராசஸர்களோடு என்விடியா கார்டுகள் ஏஎம்டி கார்டுகளை விடத் தடுமாறுவதை 2021-லேயே விமர்சகர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். புதுப் பிராசஸரில் அளந்த பட்டியல்களில் இது வெளியே தெரிவதே இல்லை. என்விடியா கூடாது என்பதற்கு இது காரணமாகாது, ஆனால் பிராசஸர் பழசாக இருக்கும் வரை கணக்கில் வைக்கவேண்டியது.

மிஞ்சியவை மூன்று. செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, புதிதாக ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி.

3060 மேல் எனக்கு மரியாதை உண்டு. 12 ஜிபி, முழு 16 லேன், 170 வாட். பழைய கணினிக்கென்றே செய்தது போன்ற அமைப்பு. பட்ஜெட் இன்னும் இறுக்கமாக இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன். 1440பி மானிட்டர் திட்டம் இருந்ததாலும், புதுக் கார்டுக்கான உத்தரவாதம் வேண்டும் என்று நண்பர் சொன்னதாலும் அதை விட்டோம்.

5060 டிஐ 16 ஜிபி-யில் லேன் எட்டுதான், ஆனால் 16 ஜிபி இருப்பதால் வழிவது அரிது, ஸ்லாட் பற்றிய பயமும் பெரும்பாலும் போய்விடுகிறது. டிஎல்எஸ்எஸ் அதன் பெரிய பலம். 9060 எக்ஸ்டி-யில் 16 ஜிபியும் உண்டு, முழு 16 லேனும் உண்டு. 160 வாட், பெரும்பாலான மாடல்களில் ஒரே ஓர் 8 பின் இணைப்பு. டிஎல்எஸ்எஸ் போன்ற ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 4 இந்தத் தலைமுறையில்தான் வந்தது, படத்தின் தெளிவில் முந்தைய எஃப்எஸ்ஆர் பதிப்புகளை விட வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. ரே டிரேசிங் கனமான விளையாட்டுகளில் 5060 டிஐ முந்தும், மற்றபடி இரண்டும் நெருக்கம். விலையில் 9060 எக்ஸ்டி கீழே இருந்தது, மிச்சப்படும் தொகை பிராசஸர் பக்கம் போகலாம். அதனால் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி வகை.

பவர் சப்ளையும் பெட்டியும்

வாட் கணக்கு மட்டும் பார்த்தால் பழைய பவர் சப்ளை போதும். கார்டு 160, பிராசஸர் உச்சத்தில் 90-க்குள், மற்றவை 50, 60. மொத்தம் 300-ஐச் சுற்றி. பவர் சப்ளையில் 450 என்று எழுதியிருக்கிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தால்தான் விஷயம் தெரியும். 12 வோல்ட் பாதைக்கு 30 ஆம்பியர் என்று இருந்தது, அதாவது 360 வாட். கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான். இன்றைய கார்டுகள் மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்குத் தம் சராசரியை விட வெகு மேலே துள்ளும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பவர் சப்ளை தன் அளவைப் போல் இரண்டு மடங்கைக் கூட 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கவேண்டும் என்று கேட்பதே இந்தத் துள்ளலால்தான். 2018-ன் சாதாரணப் பவர் சப்ளைக்கு அப்படி ஒரு கட்டாயமே இருக்கவில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் வயதாகிவிட்டது.

பழையதில் இருந்தது ஒரே ஒரு 6+2 பின் இணைப்பு. ஒரு கார்டுக்கு அது போதும். ஆனால் அதுவும் இல்லாத கணினிகளில் மோலெக்ஸிலிருந்து 8 பின்னாக மாற்றும் மலிவு அடாப்டர் போடுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். 8 பின் இணைப்பு 150 வாட்டுக்கு வடிவமைத்தது, அந்த மெல்லிய மோலெக்ஸ் கம்பிகள் அதற்கானவை அல்ல. நாங்கள் 550 வாட்டில் தரமான புதுப் பவர் சப்ளை ஒன்றை மாற்றினோம். இந்தச் செலவை யாரும் விரும்புவதில்லை, ஆனால் கணினியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவது இதுதான்.

கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நின்றதால் கார்டுக்குக் கிடைத்த நீளம் 270 மில்லிமீட்டர்தான். மூன்று ஃபேன் மாடல்கள் பல 300-ஐத் தாண்டும். இரண்டு ஃபேன் மாடல் எடுத்தோம், விலையும் குறைந்தது. ஓவர்கிளாக் என்று சொல்லி விற்கும் பெரிய மாடலில் கிடைக்கும் கூடுதல் வேகம் மிகச் சொற்பம். மானிட்டர் அதுவரை டிவிஐ கேபிளில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கார்டுகளில் டிவிஐ கிடையாது, எச்டிஎம்ஐ-யும் டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டும். நல்லவேளையாக மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தது. விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர் என்றால் சாதாரண மாற்றி போதாது, மின்னணுச் சுற்று உள்ள கன்வெர்ட்டர் தேவைப்படும்.

முதல் கட்டம்: கார்டு மட்டும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் பவர் சப்ளையும் கார்டும். பழைய என்விடியா டிரைவரை டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் கொண்டு சேஃப் மோடில் துடைத்தெடுத்த பிறகே ஏஎம்டி டிரைவரைப் போட்டோம். ஜிபியு-இசட் நிரலில் கார்டு 16 லேனில், மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓடுவதை உறுதி செய்தோம். இதைப் பார்ப்பது நல்லது, கார்டு சரியாக அழுந்தாமல் இருந்தால் 8 அல்லது 4 லேனில் ஓடும், வெளியே எந்த எச்சரிக்கையும் வராது.

முட்கள் மறைந்தன. டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தும் வி-ரேம் 9, 10 ஜிபிக்குள் அடங்கியது. பகிர்ந்த நினைவகக் கணக்கு அசையவே இல்லை. அந்த 9, 10 என்ற எண்ணைக் கவனியுங்கள். 8 ஜிபி கார்டு எடுத்திருந்தால் மிச்சம் வழிந்திருக்கும். இடம் இருக்கும்போது விளையாட்டுகள் தேவைக்கு மேலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை, அதனால் இதிலிருந்து 8 ஜிபியில் கட்டாயம் திக்கியிருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆபத்து எல்லையில் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

நகரக் காட்சிகளில் நிலைமை எதிர்பார்த்ததுதான். கார்டின் பயன்பாடு பாதிக்குக் கீழே, எஃப்பிஎஸ் ஐம்பதுகளின் நடுவே. அப்ஸ்கேலிங்கை இயக்கியும் ஓர் எஃப்பிஎஸ் கூட ஏறவில்லை, ஏறவும் முடியாது. 1080பி-யில் குவாலிட்டி நிலை என்றால் உள்ளே 1280x720-இல் வரைந்து பெரிதாக்குகிறது, அதாவது கார்டின் வேலையைக் குறைக்கிறது. பிராசஸரின் வேலை அப்படியே இருக்கிறது. நண்பருக்கு இது ஏமாற்றம்தான். 720பி சோதனையில் முன்பே பார்த்தது என்பதால் அதிர்ச்சி மட்டும் இல்லை.

ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கியதும் திரை மூலையில் எண் நூறைத் தாண்டியது. ஆனால் கையில் உணர்வு மாறவில்லை, கொஞ்சம் கனமாகவே ஆனது. இடைச் சட்டங்களைக் கார்டு தானே உருவாக்கிச் செருகுகிறது, நம் விசைக்குப் பதில் சொல்லும் சட்டங்கள் பழைய எண்ணிக்கைதான். அடிப்படை 60-ஐத் தாண்டிச் சீராக இருக்கும்போதுதான் அது அழகாக உதவும்.

இரண்டாம் கட்டம்: பிராசஸர்

பிராசஸர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் இங்கே கைகொடுத்தது. 2018 மதர்போர்டில் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 அப்படியே பொருந்தும். மதர்போர்டு, ரேம் எதையும் தொடவேண்டாம். வரிசை மட்டும் முக்கியம். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். புது பிராசஸரைப் போட்டுவிட்டுப் புதுப்பிக்கலாம் என்றால் கணினி திரையையே காட்டாது. விண்டோஸில் பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) இயங்கினால் மீட்புச் சாவியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி-யின் பாதுகாப்புச் சாவிகள் பிராசஸரோடு இணைந்தவை. பிராசஸரை மாற்றியதும் பயாஸ் அவற்றை அழிக்கவா என்று கேட்கும், அழித்தால் பிட்லாக்கர் சாவியைக் கேட்கும்.

கழற்றும்போதும் கவனம் வேண்டும். ஏஎம்4 பிராசஸரின் பின்கள் பிராசஸரிலேயே இருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரோடு சேர்ந்து பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிய பிறகே தூக்கினோம்.

பிறகு பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய துவக்க முறையை அணைத்து, ரீசைசபிள் பாருக்குத் தேவையான அபவ் 4ஜி டிகோடிங்கையும் ரீசைசபிள் பாரையும் இயக்கினோம். நண்பரின் விண்டோஸ் வட்டு பழைய எம்பிஆர் அமைப்பில் இருந்ததால் சிஎஸ்எம்-ஐ அணைக்கும் முன் விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றவேண்டியிருந்தது. மாற்றாமல் அணைத்திருந்தால் விண்டோஸ் ஏறியிருக்காது.

நகரக் காட்சிகள் இப்போது எழுபதுக்கு மேல் நிற்கின்றன, 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது போதும். கார்டின் பயன்பாடும் மேலே வந்திருக்கிறது. 1440பி மானிட்டர் இன்னும் வாங்கவில்லை. ஆனால் டிரைவரில் வர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன் என்ற வசதியால் 1440பி-யில் ஓட்டிப் பார்த்தோம், எஃப்எஸ்ஆர் துணையோடு அவர் ஆடும் விளையாட்டுகள் அறுபதைப் பிடிக்கின்றன.

இந்த முடிவு இந்தக் கணினிக்கானது. நண்பர் பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலையையும் செய்பவராக இருந்திருந்தால், அத்தகைய நிரல்களுக்கு உதவும் என்விடியாவின் கூடா நுட்பத்தைக் கருதி 5060 டிஐ 16 ஜிபியைச் சொல்லியிருப்பேன். மதர்போர்டு பி550 ஆக இருந்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையை ஆதரிக்கும் பிராசஸரும் இருந்து, 1080பி-யோடு நிற்பவர் என்றால் 8 ஜிபி 5060-ஐ இவ்வளவு கடுமையாக மறுத்திருக்கமாட்டேன். சாக்கெட்டில் மேற்கொண்டு போக வழியில்லாத இன்டெல் நான்காம் தலைமுறை, டிடிஆர்3 கணினியாக இருந்திருந்தால் 16 ஜிபி கார்டே வேண்டாம். செகண்ட் ஹேண்டில் 3060 12 ஜிபி போட்டு, டெக்ஸ்சரை மேலே வைத்து, மக்கள் கூட்டத்தின் அடர்த்தியையும் பார்வைத் தூரத்தையும் கீழே இறக்கி ஓட்டிக்கொண்டு, மிச்சப் பணத்தை அடுத்த மதர்போர்டுக்குச் சேர்த்து வைக்கச் சொல்லியிருப்பேன்.